மேஜைக்குப் போன மணி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது. அங்கேதான் தம்பி படுத்திருந்தான். அந்த அறையில் மறுபடியும் ஒரு மேஜை போட வேண்டும், விலைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் தம்பி படக் கூடாது என்று அண்ணன் வந்து சொன்னபோது என் கையில் தம்பியின் மூத்திரப் பை இருந்தது. அதை அண்ணன் மூஞ்சியில் வீசாமல் விட்டது அவன் செய்த புண்ணியம்.

"கண்ணுல படக் கூடாதுன்னா எங்க வைக்கிறது? பீரோவுக்குள்ளயா?" என்றேன்.

"கத்தாத. கொஞ்ச நேரந்தானே. பின்னாடி வாஷிங் மெஷின் ரூம்ல, அவன் சேர்லயே உக்கார வெச்சிட்டா..."

"ஆமா, அழுக்குத் துணியோட அழுக்குத் துணியா!"

கட்டிலில் கிடந்த தம்பி சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள் மட்டும் லேசாக ஆடும். "விடுக்கா. துவைச்சு, காயப்போட்டு, மடிச்சும் வெச்சிடுவாங்க. எனக்கு எவ்ளோ நாள் ஆசை அது" என்றான்.

எங்கள் குடும்பம் இவ்வளவுதான். நான் கத்துவேன், அண்ணன் மழுப்புவான், தம்பி ஜோக்கடிப்பான். அண்ணன் வேறு வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தான். விடுமுறை நாளில் பழங்களோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவான், செல்போனைப் பார்ப்பான், பெருமூச்சு விடுவான், போய்விடுவான். மிச்ச நாளெல்லாம் நானும் தம்பியும்தான்.

தம்பி பைக்கிலிருந்து விழுந்து கழுத்து உடைந்தவன். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கையை முழங்கை வரை மடக்குவான், விரல்கள் வேலை செய்யாது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அழைத்து வந்தபோது, கீழே கட்டில் போடும் அளவுக்கு அகலமாக இருந்தது சாப்பாட்டு அறை ஒன்றுதான். மேஜையையும் ஆறு நாற்காலிகளையும் யாருக்கோ சும்மா தூக்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன்.

அந்த வீட்டில் குளியலறை மாடியில் மட்டும்தான். படிக்கட்டோ குறுகல், நடுவில் ஒரு திருப்பம். எந்த மகராசன் கட்டினானோ! சக்கர நாற்காலி அந்தத் திருப்பத்தில் திரும்பாது. ஒரு தடவை அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் தம்பியைப் படுக்கை விரிப்பில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். திருப்பத்தில் அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, தம்பி நழுவிக் கீழே வரப் பார்த்தான். "என் முதுகும் போயிடும், அவன் கழுத்தும் போயிடும்" என்று அண்ணன் கையைக் கழுவினான். அதற்குப் பிறகு தம்பிக்குக் குளியல் என்றால் ஈரத் துணியால் துடைப்பதுதான்.

விபத்துக்கு முன்னால் அவன் குளியலறைக்குள் போனால் வீடே வரிசையில் நின்று கதவைத் தட்டும். உள்ளே பாட்டு வேறு. அப்படிப்பட்டவனை நான் தினமும் துடைத்துக்கொண்டிருந்தேன். "இது குளியலாக்கா? நிக்கிற காரைத் துடைக்கிற மாதிரி இருக்கு" என்பான். சில நாள் ஜோக்கெல்லாம் இல்லாமல் கேட்பான். "தலையில தண்ணி விழணும்க்கா. மேல இருந்து கொட்டணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் நீ குழாயை மூடக் கூடாது." அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டை விற்க நான் ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான். அண்ணனுக்கு அவன் கணக்கு, எனக்கு என் கணக்கு. கொஞ்ச தூரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். லிஃப்ட் உண்டு. குளியலறைக்கு வாசற்படித் தடுப்பு கிடையாது, கதவு அகலம். நானே இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் மண்டியிட்டு அளந்தேன். சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். அதைத் தம்பியிடம் சொன்ன அன்று அவன் என்னை அந்தக் குளியலறையைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தான். ஓடு என்ன நிறம், குழாய் எந்தப் பக்கம், ஷவர் எவ்வளவு உயரம். எங்கள் வீடு சீக்கிரம் விற்றால் அது எங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு யாருக்கோ.

முதலில் வந்தவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. வந்த பெண்மணி சாப்பாட்டு அறை வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்தினாள். அதையாவது சகித்துக்கொண்டிருப்பார்கள். ஹாலில் உட்கார்ந்து பேசத் தொடங்கிய நேரத்தில் மணி அடித்தது.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பியால் இருமித் துப்ப முடியாது, நெஞ்சில் அதற்கு வலு இல்லை. சளி தொண்டையில் அடைத்தால் நான் ஓடிப்போய் இரண்டு உள்ளங்கையையும் அவன் விலா எலும்புக்குக் கீழே வைத்து, அவன் இருமும்போதே அழுத்தித் தள்ள வேண்டும். கத்திக் கூப்பிடவும் முடியாது. அதனால் ஒரு சின்னப் பித்தளைக் கைமணியைக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். வேண்டும்போது மணிக்கட்டால் தட்டுவான். கறுத்துப்போன மணி, விளிம்பில் ஒரு சொட்டை. மணி அடித்தால் அவனுக்கு ஏதோ வேண்டும், அடிக்காவிட்டால் அவன் நன்றாக இருக்கிறான். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே நிம்மதி அந்த இரண்டாவது பாதி.

அன்றைக்கு மணி அடித்ததும் வந்தவர்களைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு ஓடினேன். நான் தம்பி வயிற்றை அமுக்குவதையும் அவன் முகம் சிவப்பதையும் அவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "ரொம்ப சீரியஸா?" என்று கேட்டார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. "நான்தான் அடிச்சுக் கெடுத்துட்டேன்" என்று தம்பி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் அண்ணன் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். விற்கப்போகிற வீடுகளைச் சோடித்துக் கொடுப்பதுதான் அவளுக்குத் தொழில். தம்பி முதல் நாளே "மேக்கப் அம்மா" என்று பேர் வைத்துவிட்டான். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியவள் சாப்பாட்டு அறையில் நின்று, தம்பி அங்கே இருக்கும்போதே, "இந்த ரூம்தான் வீட்டை விக்கும். சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாதான் இங்க குடும்பம் நடத்தலாம்னு மனசுல விழும்" என்றாள்.

"இப்ப மட்டும் இங்க என்ன சர்க்கஸா நடக்குது? குடும்பந்தான் நடத்துறோம்" என்றேன்.

"அக்கா, பாவம், அவங்களுக்கு இதான் தொழில். வாயை மூடு" என்றான் தம்பி.

அவள் சளைக்கவில்லை. தொழிலில் கெட்டிக்காரிதான், அதை நான் மறுக்க மாட்டேன். வாடகை மேஜை ஒன்று வந்தது, கூட மெலிந்த பிரம்பு நாற்காலிகள் நான்கு. ஆறு போட்டால் அறை சின்னதாகத் தெரியுமாம். தட்டுகள் வழக்கத்தைவிடச் சின்னவை, அப்போதுதான் மேஜை பெரிதாகத் தெரியுமாம். தட்டு நகராமலிருக்க அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். கட்டில் சக்கரம் தேய்த்த தரைக்கு மேல் ஒரு விரிப்பு. மருந்துப் பை மாட்டுவதற்கு நான் அடித்திருந்த ஆணியில் ஒரு படகுப் படம். வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு. ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி. அடுப்பில் ஆரஞ்சுத் தோலைக் கொதிக்கவிட்டு ஆஸ்பத்திரி வாடையைத் துரத்தினாள். சாயங்காலத்துக்குள் தம்பி அந்த அறையில் வாழ்ந்த சுவடே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவனோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாசல் வழியாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா. நானே வாங்கிடுவேன் போல" என்றான்.

கட்டிலைக் கழற்றி அடுக்கிவிட்டதால் ராத்திரி அவனை ஹாலில் பாயில் படுக்க வைத்தேன். மறுநாள் காலையில் வாங்குகிறவர்கள் வருவதாக இருந்தது. நான் தம்பியைச் சமையலறை வழியாக, சாப்பாட்டு அறைச் சுவரை ஒட்டியிருந்த வாஷிங் மெஷின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, கழுத்துக்குத் தலையணை வைத்தேன். மணியை நாற்காலிக் கைப்பிடியில் கட்டினேன்.

"ஏதாவதுன்னா அடிச்சிடு. யார் இருந்தாலும் சரி. கேட்டுதா?"

"கேட்டுது. நீ மட்டும் வந்தவங்க மேல பாயாத" என்றான்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்த நைட்டியோடயா நிக்கப் போற? போய் மாத்திட்டு வா" என்று விரட்டினான். நான் மாடிக்குப் போய் முகம் கழுவி, துணி மாற்றி, தலை சீவிக்கொண்டு இறங்குவதற்குள் புரோக்கர் அவர்களை வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கம் காது கொடுத்தேன். மணிச் சத்தம் இல்லை. நன்றாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்கள் இளம் கணவன் மனைவி. நல்ல மாதிரி, அதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் வெளிச்சம், மஞ்சள் விளக்கு, மேஜை நடுவில் பூக்கள், பூக்களுக்கு நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஏதோ ஒரு பளபளப்பு. "உக்காரலாமா?" என்று கேட்டு உட்கார்ந்தேவிட்டாள். புரோக்கர் எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். யாரும் சாப்பிடாத தட்டுகளுக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் அண்ணனும் நானும் விருந்தாளிகளைப் போல உட்கார்ந்திருந்தோம். மேக்கப் அம்மா சுவரோரமாக நின்றாள்.

அவர்கள் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் கணவன் ஒரு தட்டை எடுக்கப் போக, டேப் ஒட்டியிருந்த மேஜை விரிப்பும் சேர்ந்து வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டுல யாராவது... உடம்பு சரியில்லாம, இறந்து..." என்று இழுத்தான்.

அண்ணன் எனக்கு முன்னால் பாய்ந்தான். "சேச்சே! அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலதான் போனாங்க. இந்த வீட்டுல ஒரு உயிர் போனதில்ல சார். நோயாளின்னு யாரும் படுத்ததுகூட இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இதைக் கேட்டுக்கொண்டிருப்பானே என்று எனக்குச் சுரீரென்றது. நாக்கு நுனி வரை வந்த வார்த்தையை அந்தக் குளியலறைக்காக, அந்த அகலமான கதவுக்காக விழுங்கினேன். மணி அடிக்கவில்லை. பரவாயில்லை, ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டிருப்பான் என்று தேற்றிக்கொண்டேன்.

அந்தப் பெண் பூக்களுக்கு நடுவிலிருந்து ரிப்பன் கட்டிய பொருளை எடுத்தாள். "அய்யோ, அழகு!" என்று தூக்கிப் பிடித்து ஆட்டினாள். "சாப்பாடு ரெடி! எல்லாரும் வாங்க!"

"இதோ வர்றேன்டா!"

அது என் வாய்தான். நான் எழுந்து நின்றிருந்தேன். நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவள் கையைப் பார்த்தேன். தேய்த்துத் தங்கம் போல ஆக்கியிருந்ததால் பார்த்தபோது தெரியவில்லை, சத்தம் கேட்டபோது தெரிந்துவிட்டது. விளிம்பில் அதே சொட்டை. மணி இங்கே இருந்தால் அங்கே அவனிடம் என்ன இருக்கிறது?

ஓடினேன். தம்பியின் தலை மெஷின் பக்கம் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயில் விரலை விட்டுத் துழாவினேன். இரண்டு கையையும் விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினேன். "இருமுடா. டேய், இருமுடா. நான் வந்துட்டேன்டா." அவன் இருமினால்தானே நான் அழுத்துவதற்கு அர்த்தம் உண்டு? அவன் இருமவில்லை. நான் மட்டும் அழுத்திக்கொண்டிருந்தேன்.

என் பின்னாலேயே வந்த அண்ணன் ஒரு பார்வை பார்த்தான். அவன் முதலில் செய்த காரியம் சமையலறைக் கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தான். வெளியே புரோக்கரின் குரல் கேட்டது. "ஒண்ணுமில்ல சார், சின்ன மயக்கம், வீட்டு ஆளுங்க பாத்துக்குவாங்க. நாம மேல பாத்ரூம் பார்த்துடலாம், வாங்க வாங்க." காலடிச் சத்தம் மாடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் நாங்கள் இருந்த அறையின் சுவரோடு இறங்கும் குழாயில் தண்ணீர் சடசடவென்று ஓடியது. அவர்களுக்கு ஷவரைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் தம்பியை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

தெருமுனை டாக்டர் பின்வாசல் வழியாக வந்தார். நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். "போய்க் கொஞ்ச நேரம் ஆச்சும்மா" என்றார். என் கையைப் பிடித்து விலக்கியதும் அவர்தான்.

வாங்க வந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் முன்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். டாக்டரும் போன பிறகு அண்ணன் என் பக்கத்தில் குந்தினான். அழுதுகொண்டுதான் இருந்தான், பொய் சொல்ல மாட்டேன். அழுதுகொண்டே சொன்னான். "அவங்களுக்கு வீடு பிடிச்சுப் போச்சு. நான் சொல்றதக் கேளு. இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுவோம். அங்க போனதாவே இருக்கட்டும். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். இங்கன்னு தெரிஞ்சா வாங்க மாட்டாங்க."

நான் கத்தவில்லை. கத்துவேன் என்று பயந்து அவன் தோளைக் குறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

"அண்ணே, வீடு எதுக்கு விக்கிறோம்?" என்றேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லு. எதுக்கு?"

"இவன் குளிக்கத்தான்" என்றான்.

"அப்ப தூக்கு. மேல தூக்கு."

சக்கர நாற்காலி திருப்பத்தில் திரும்பாது என்று அவன் முனகினான். நான் சாப்பாட்டு அறைக்குப் போய், விழுந்து கிடந்த பிரம்பு நாற்காலியை எடுத்து வந்தேன். தம்பியை அதில் உட்கார வைத்து, என் சேலை ஒன்றால் முதுகோடு சேர்த்துக் கட்டினோம். நாற்காலியின் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். அண்ணன் ஒன்று, நான் ஒன்று, புரோக்கர் ஒன்று, மேக்கப் அம்மா ஒன்று. திருப்பத்தில் நாற்காலியைப் பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் படிக்கட்டுக் கைப்பிடிக்கு மேலே தூக்கினால் அழகாகத் திரும்பிவிட்டது. அண்ணனுக்கு முதுகு பிடிக்கவில்லை. யாருக்கும் மூச்சுகூட வாங்கவில்லை. ஒரு சாப்பாட்டு நாற்காலியும் நாலு ஆளும் போதுமாயிருந்தது. நாங்கள் மேஜையோடு ஆறு நாற்காலிகளையும் தூக்கிக் கொடுத்துவிட்டு இத்தனை வருஷம் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தபோது அந்தப் படிக்கட்டிலேயே நான் செத்திருக்க வேண்டும்.

குளியலறையில் இறக்கி வைத்ததும் என் கோபமெல்லாம் மேக்கப் அம்மா மேல் திரும்பியது. "பாவி! அழகா இருக்குன்னா எதை வேணா எடுத்துடுவியா? அது அவன் உயிர்டீ! திருடி மேஜையில வெச்சியே!"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மணியில் கட்டியது போக மிச்சமிருந்த சிவப்பு ரிப்பன் இன்னும் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

"நானா எடுக்கலைங்க" என்றாள். "நீங்க துணி மாத்தப் போனப்ப இஸ்திரிப் பெட்டி எடுக்க உள்ள போனேன். அவர்தான் கூப்பிட்டு, மணியை அவுத்துக்கச் சொன்னார். அது இல்லாம அவர் உயிருக்கே ஆபத்துன்னு எனக்குத் தெரியாதுங்க, சத்தியமா. 'இதையும் தேய்ச்சு மேஜையில வையுங்க, நல்லா இருக்கும்'னார். 'என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது. நான் அடிச்சா எங்கக்கா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. போன தடவை அப்படித்தான் கெட்டுப்போச்சு. இன்னைக்காவது அவ உக்காந்து பேசட்டும்'னார். சிரிச்சுக்கிட்டேதாங்க சொன்னார்."

 யாரைத் திட்டுவது? அண்ணன் நோயாளியே இல்லை என்று சொன்னதை, நான் பல்லைக் காட்டிச் சிரித்ததை, மூச்சு அடைத்துக்கொண்டே அவன் கேட்டிருப்பான். சுவரைத் தட்டியிருக்கலாம். மணிக்கட்டால் மெஷினைத் தட்டியிருந்தாலே டமடமவென்று கேட்டிருக்கும். தட்டவில்லை. வீடு விற்கட்டும் என்று அந்தப் படுபாவி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். வாழ்நாளில் ஒரு நிமிஷம் வாயை மூடாதவன்.

ஷவரைத் திறந்தேன். தண்ணீர் அவன் தலையில் விழுந்தது, நெற்றியில் வழிந்தது, மூடிய கண்ணில், கன்னத்தில், சட்டையில். நான் ஒரு கையால் அவன் மோவாயைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தலைமுடியைக் கோதிவிட்டேன். அண்ணன் முழங்கால் நனையத் தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். புரோக்கர் கீழே போய்விட்டார். மேக்கப் அம்மா போகவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அண்ணன் குழாய்ப் பக்கம் கையை நீட்டினான். "போதும்மா" என்றான்.

"கையை எடு" என்றேன். "அவன் போதும்னு சொல்லட்டும்."

மொட்டைமாடித் தொட்டி காலியாகும் வரை யாரும் குழாயை மூடவில்லை.